மண்ணைப் படிக்கும் பல்கலைக்கழகம்



கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில், கோயில் திருவிழா முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு தந்தையார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பரீட்சையில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். விவசாய அறிவியல் படிக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. தந்தையாருக்கோ மனம் ஒப்பவில்லை. “என் தாத்தா காட்டை வெட்டினார். அப்பா பால்மரம் வெட்டினார். நான் செம்பனைக் குலை வெட்டினேன். மூன்று தலைமுறையாக மண்ணிலே கிடந்தாயிற்று. படிக்க வைத்தும் என் பிள்ளை மண்ணைத்தான் கிண்ட வேண்டுமா?” என்றார்.

நியாயமான கேள்வி. உட்கார்ந்திருந்தவர்களில் பலரும் தலையசைத்தார்கள். நாம் அன்று அவருக்கு முழுமையாகப் பதில் சொல்லவில்லை. இன்றைய உரையை அந்தப் பதிலாகவே வைத்துக்கொள்ளலாம். சிலாங்கூரில், கோலாலம்பூருக்குத் தெற்கே, செர்டாங்கில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இன்று அதன் பெயர் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். முன்னாளில் அது விவசாயப் பல்கலைக்கழகம். அதற்கும் முன்னால் அது ஒரு கல்லூரி. அதற்கும் முன்னால் வெறும் பள்ளிக்கூடம்.

அதன் கதையைத் தொடங்குமுன், கடல் கடந்து கொஞ்சம் போய்வர வேண்டும்.

ஒரு காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் சட்டம், சமயம், மருத்துவம், பழைய மொழிகள் என்றுதான் பொருள். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். உழவைப் பற்றி ஒரு பேராசிரியர் பாடம் நடத்துவதா என்று சிரித்த காலம் அது. இந்த நிலையை அமெரிக்காவில் ஒரு சட்டம் மாற்றியது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜஸ்டின் மோரில் என்பவர் அதைக் கொண்டுவந்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். 1862 ஜூலை 2ஆம் நாள், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, அதிபர் ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் சொன்னது இதுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும், காங்கிரஸில் அதற்குள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் கொடுக்கப்படும். அந்த நிலத்தை விற்று வரும் பணத்தை முதலாக வைத்து, விவசாயமும் எந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரி ஒன்றையாவது நடத்த வேண்டும். நிலத்தைக் கொடையாகப் பெற்றுப் பிறந்த கல்லூரிகள் என்பதால் அவற்றை நிலக்கொடைக் கல்லூரிகள் என்றார்கள். 1887இல் வந்த மற்றொரு சட்டம், அவற்றோடு சேர்த்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணைகளை உண்டாக்கியது. 1914இல் வந்த இன்னொரு சட்டம், ஆராய்ச்சியில் கண்டதை உழவரின் வாசலுக்கே கொண்டுபோய்ச் சொல்லும் விரிவாக்கப் பணியை ஏற்படுத்தியது. கற்பித்தல், ஆராய்தல், கொண்டுபோய்ச் சேர்த்தல் என்ற மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

இதில் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் உண்டு. கொடையாகத் தரப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி, அந்நாட்டின் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளும் இந்தக் கல்லூரிகள் பலவற்றில் நுழைய முடியவில்லை. அவர்களுக்கென்று வழி செய்ய 1890இல் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அந்த மக்களில் ஒருவரை நம் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, பிறர் வீட்டில் வேலை செய்து படித்தவர். அயோவா மாநிலத்தின் நிலக்கொடைக் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்பு டஸ்கீகி என்ற ஊருக்குப் போய், பருத்தியையே பயிரிட்டுப் பயிரிட்டு வளமிழந்த மண்ணில் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தட்டைப்பயறும் போடச் சொல்லிக் கொடுத்தார். கடலைச் செடியின் வேரிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குத் தரும் என்பதை ஏழை உழவருக்கும் புரியும்படி விளக்கினார். 1906இல் அவர்கள் ஒரு வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். படிக்க வர முடியாதவனிடம் பள்ளிக்கூடமே சக்கரம் பூட்டிக்கொண்டு போயிற்று. கார்வரும் மண்ணைத்தான் கிண்டினார், நேயர்களே. ஆனால், அவர் கையில் மண்வெட்டியோடு ஒரு கேள்வியும் இருந்தது.

நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கியது. 1906இல் அது கோயம்புத்தூருக்கு மாறியது. 1971 ஜூன் முதல் நாள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதற்கு முன்பே, 1960இல், வட இந்தியாவில் பந்த்நகரில், அமெரிக்க நிலக்கொடை முறையைப் பின்பற்றி இந்தியாவின் முதல் விவசாயப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டிருந்தது.

இனி நம் செர்டாங்குக்கு வருவோம்.

1931 மே 21ஆம் நாள் செர்டாங்கில் மலாயா விவசாயப் பள்ளி தொடங்கியது. திறந்துவைத்தவர் அன்றைய ஹை கமிஷனர் சர் செசில் கிளெமென்டி. அப்போது இருந்த நிலம் 22 ஏக்கர்தான். மூன்றாண்டு டிப்ளோமா ஒன்று, ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று என இரண்டே பாடத்திட்டங்கள். உலகமெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய நேரம் அது. ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்து, நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. ஒரு பயிரையே நம்பி வாழும் நாட்டின் நிலை எப்படியிருக்கும் என்பதை அந்த ஆண்டுகள் எல்லாருக்கும் காட்டின.

யுத்தம் வந்தது, ஜப்பானியர் ஆட்சி வந்து போயிற்று. 1947 ஜூன் 23ஆம் நாள், மலாயன் யூனியன் கவர்னர் சர் எட்வர்ட் ஜெண்ட், அந்தப் பள்ளியை மலாயா விவசாயக் கல்லூரி என்று அறிவித்தார். பின்னர் 1971 அக்டோபரில், இந்தக் கல்லூரியும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயத் துறையும் இணைந்து மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. முதல் துணைவேந்தர் முகமது ரஷ்டான் பாபா. கோயம்புத்தூரில் ஒரு விவசாயப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டில் செர்டாங்கிலும் ஒன்று தோன்றியதை எண்ணிப் பாருங்கள்.

தொடக்கத்தில் மூன்று துறைகள்: விவசாயம், வனவியல், கால்நடை மருத்துவமும் கால்நடை அறிவியலும். பட்டப்படிப்பின் முதல் கல்வியாண்டு 1973 ஜூலையில் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அறிவியலும் தொழில்நுட்பமும் விரிவடைந்தன. 1987இல் சரவாக்கின் பிந்துலுவில் ஒரு கிளை வளாகம் வந்தது. 1996இல் மருத்துவத் துறை வந்தது. 1997இல் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் நினைவாகப் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. மலாய் மொழியில் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. அதனால் யு.பி.எம். என்று சொல்லிப் பழகியவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. 2006இல் நாட்டின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டத்தில் பிறந்ததல்ல இது. ஆனாலும், நிலத்தை வைத்துப் பாடம் நடத்துவது, ஆராய்வது, கண்டதைக் குடியானவனிடம் சேர்ப்பது என்ற மூன்று வேலைகளைப் பார்த்தால், இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்று சொல்லலாம்.

ஒருநாள் நாமே போய்ப் பார்ப்போமே! கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கே.எல். சென்ட்ரலில் இறங்க வேண்டும். அங்கே தெற்கே போகும் வண்டிக்கு மாறினால் செர்டாங் நிலையம் வரும். 2023 மார்ச் முதல் எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்திலும் யு.பி.எம். என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. பழைய கோலாலம்பூரின் கட்டடங்களுக்குச் செங்கல் தந்த மண் அது. பிறகு ரயில்வேயில் உழைத்த தமிழர்கள் குடியிருந்த இடம். அந்த ரயிலில் ஏறித்தான் இன்று நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள்.

22 ஏக்கரில் தொடங்கிய இடம் இன்று ஆயிரம் ஹெக்டருக்கும் மேல் பரந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் முதலில் வியப்புத்தான் வரும். ஒரு பக்கம் உயர்ந்த கட்டடங்கள், சுல்தான் அப்துல் சமாட் பெயர்கொண்ட நூலகம். மறுபக்கம் மாடுகள் மேயும் புல்வெளி. ஆடு, கோழி, மீன்குளம், பழத்தோப்பு, செம்பனை என்று எல்லாமே பாடப்புத்தகங்கள். குதிரைகள்கூட உண்டு. பூச்சோங் பக்கத்து ஆயர் ஹீத்தாம் காடு, வனவியல் மாணவர்களின் வகுப்பறையாக இருக்கிறது. கால்நடை மருத்துவமனையில், நோயுற்ற பூனையையும் நாயையும் தூக்கிக்கொண்டு பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்கள் பேராசிரியரின் பக்கத்தில் நின்று வைத்தியம் பழகுவார்கள்.

மாணவர்கள் தங்குவதற்கு விடுதிக் கல்லூரிகள் பல இருக்கின்றன. கிளந்தான் பிள்ளையும் சபா பிள்ளையும் கிள்ளான் தோட்டத்துப் பிள்ளையும் அங்கே ஒரே அறையைப் பகிர்ந்துகொள்வார்கள். தீபாவளிக்கு முறுக்கும், ஹரி ராயாவுக்குக் கேத்துப்பாட்டும் கைமாறும். அதிகாலையில் பெரட்டுக்கு எழுந்து பழகிய வீட்டுப் பிள்ளைக்கு, காலை நேரப் பண்ணைப் பயிற்சி பெரிய கஷ்டமாக இராது. பட்டணத்துப் பிள்ளை சேற்றில் கால்வைக்கத் தயங்கும்போது, நம் பிள்ளை பூட்ஸைப் போட்டுக்கொண்டு முன்னே நடக்கும். அங்கே அது வெட்கப்பட வேண்டிய பழக்கமன்று, கூடுதல் மூலதனம்.

அங்கே ஆராய்ச்சி என்று என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கலாம். நம் வீட்டுக் கொல்லையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுவோம். லயத்தில் கோழி வளர்த்தவர்களுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் தெரியும். நேற்றுவரை ஓடித் திரிந்த கோழிகள் கழுத்து திருகி, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழும். தடுப்பூசி இருந்தது. ஆனால், அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். ஒவ்வொரு கோழியையும் பிடித்துப் போட வேண்டும். பெரிய பண்ணைக்கு அது சரி. கொல்லையில் பத்துக் கோழி வைத்திருக்கும் அம்மாவுக்கு அது எட்டாது. செர்டாங்கின் கால்நடைத் துறையைச் சேர்ந்த அப்துல் லத்தீப் இப்ராஹிம், ஐனி இட்ரிஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து 1980களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வெப்பத்தைத் தாங்கும் கிருமி வகையைத் தேர்ந்தெடுத்து, தீவனத்தோடு கலந்து போடக்கூடிய தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். கோழியைத் துரத்த வேண்டியதில்லை. தீனி தின்றால் போதும். ஏழையின் கொல்லையை மனத்தில் வைத்து எழுந்த ஆராய்ச்சி இது. அதில் பங்குகொண்ட ஐனி இட்ரிஸ் அம்மையார் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனார்.

தோட்டத்துக்குள்ளேயே இன்னோர் உதாரணம். நம் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உருவானது. அதன் பெயர் தென்னமரம் எஸ்டேட். நம் காதுக்கு அது தென்னைமரம் என்றே கேட்கும். செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிப் பாளையில் பூக்கும். பல காலம் இங்கே காய்ப்பிடிப்பு போதவில்லை. ஆகவே, தோட்டங்களில் ஆட்களை வைத்து, மகரந்தப் பொடியைப் பூவின்மீது ஊத வைத்தார்கள். முதியவர்கள் பலருக்கு அந்த வேலை நினைவிருக்கும். ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர், மேற்கு ஆப்பிரிக்கக் கேமரூனில் ஒரு சிறு கூன்வண்டுதான் இந்தப் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கிறது என்று கண்டறிந்தார். 1981இல் அந்த வண்டைக் கவனமாகப் பரிசோதித்து, ஜொகூரில் உள்ள ஒரு தோட்டத்தில் விட்டார்கள். சில காலத்திலேயே காய்ப்பிடிப்பு உயர்ந்தது. பூவில் பொடி ஊதும் வேலை நின்றுபோயிற்று.

இதை நாம் இரு பக்கமும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நாட்டுக்குப் பெரும் செல்வம் சேர்ந்தது. ஆனால், அந்த வேலையை நம்பிக் கூலி வாங்கியவர்களுக்கு அந்தக் கூலி போயிற்று. அறிவியல் ஒரு கையால் கொடுக்கும். மறு கையால் எடுத்தும்விடும். எது வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்தவன் தயாராவான். அறியாதவன் மறுநாள் பெரட்டில்தான் தெரிந்துகொள்வான். நம் பிள்ளைகள் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செர்டாங்குக்கு அருகில் ஒரு தோட்டம் இருந்தது. அதன் பெயர் பிராங் பெசார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921இல் தொடங்கியதால், பெரும்போர் என்று மலாய் மொழியில் பெயர் வைத்தார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்குப் பி.பி. 86 என்ற மரவகை தெரிந்திருக்கும். அந்த இரண்டு எழுத்துகளும் பிராங் பெசாரைத்தான் குறிக்கின்றன. ஒரு மரம் கூடுதலாகப் பால் தருகிறது என்று பதிவு செய்ய வேண்டுமானால், யாரோ ஒருவர் நாள்தோறும் அதை வெட்டி, மங்கில் வடிந்த பாலை அளந்து கொடுத்திருக்க வேண்டுமல்லவா? அந்த ஆராய்ச்சிக்குப் பின்னே தொழிலாளர்களின் கைகளும் இருந்தன. புத்தகத்தில் மரத்தின் பெயர் ஏறியது. வெட்டியவர்களின் பெயர் ஏறவில்லை. இன்று அந்தத் தோட்டமும் இல்லை. 1990களில் அங்கே புத்ராஜெயா நகரம் எழுந்தது. தோட்டத்து மக்கள் டிங்கில் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியதை நாம் கண்ணாரக் கண்டோம். நிலம் நம்முடையதாக இருந்ததில்லை. நம்மிடம் இருந்தது நிலத்தைப் பற்றிய அறிவுதான். எந்த மரத்துக்கு எவ்வளவு ஆழம் கத்தி போகலாம், மழை வருமா வராதா, குலை பழுத்ததை உதிர்ந்த பழத்தைக் கொண்டு எப்படி அறிவது, எந்த மண்ணில் எது பிடிக்கும் என்பதெல்லாம் நம் தாய் தந்தையர் அறிந்தவை. நிலம் போனபோது அந்த அறிவும் சேர்ந்தே போக வேண்டுமா? அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதன்மேல் ரசாயனமும் உயிரியலும் கணக்கும் சேர்த்துக் கட்டினால், அது பட்டமாகும், உத்தியோகமாகும், சொந்தத் தொழிலாகவும் ஆகும்.

இதற்கு என்ன செய்ய வேண்டும்? படிவம் நான்கில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். உயிரியலும் ரசாயனமும் கணிதமும் இல்லாமல் இந்த வாசல்களில் பல திறக்கமாட்டா. தமிழ்ப் பள்ளியிலிருந்து போகும் பிள்ளை மலாய் மொழியையும் ஆங்கிலத்தையும் விடாமல் படித்து வர வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகள் வேறு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பத்தைக் குறித்த தேதிக்குள் கணினி வழியே அனுப்ப வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டு ஓராண்டை இழந்த பிள்ளைகளை நாம் அறிவோம். வெட்கப்படாமல் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். முன்னே போன பிள்ளைகளைக் கேளுங்கள். பணத்துக்கு 1997இல் அமைந்த உயர்கல்விக் கடனுதவி நிதியம் உண்டு. கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள். விவசாயம் பிடிக்காத பிள்ளைக்கு அதே வளாகத்தில் பொறியியலும் கல்வியியலும் பொருளாதாரமும் இருக்கின்றன. யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால், விரும்பிப் போகிற பிள்ளையை, மண் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கவும் வேண்டாம்.

அந்தத் தந்தையாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். ஐயா, உங்கள் தாத்தாவும் தந்தையும் நீங்களும் பிறர் சொன்ன இடத்தில், பிறர் சொன்ன நேரத்தில் மண்ணைத் தொட்டீர்கள். உங்கள் மகள் அந்த மண்ணை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, இதில் என்ன குறை, இதற்கு என்ன வேண்டும் என்று சொல்லப் போகிறாள். அவள் சொல்வதை மேனேஜர் எழுதிக்கொள்வார். மண் அதே மண்தான். அதில் யார் கேள்வி கேட்கிறார் என்பதுதான் மாறப் போகிறது. அவள் வீட்டுக்கு வரும்போது நீங்களும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். உதிர்ந்த பழத்தைக் கொண்டு குலையின் பக்குவத்தை அறிவது எப்படி என்று உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆசிரியர் செர்டாங்கிலும் சிலரே இருப்பார்கள்.